அண்ணாச்சியக் கேளுங்க: ஒரே மூச்சுல படிக்கணுமா, ஒவ்வொண்ணா படிக்கணுமா?

கேள்வி: அண்ணாச்சி, பொருநை புத்தகத் திருவிழாவுல வண்ணதாசன் சிறுகதைத் தொகுப்பு கண்ணுல பட்டதெல்லாம் அள்ளிக்கிட்டு வந்தேன். பிள்ளைகளுக்கு லீவு வேற, ராத்திரி பகலா உக்காந்து வரிசையா படிச்சுத் தள்ளிட்டேன். ஆரம்பத்துல ஒவ்வொரு கதைக்கும் கண்ணு கலங்குச்சு, போகப்போக ஒண்ணுமே தைக்கல, எல்லாம் ஒரே கதை மாதிரி தெரியுது. எங்க வீட்டுக்காரரு அப்பமே சொன்னாரு, ‘தினம் ஒண்ணுன்னு படிச்சா என்னட்டி கொறஞ்சு போச்சு’ன்னு. அவரு சொன்னதுதான் சரியா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மாப்ள சொன்னது சரிதான், ஆனா சிறுகதைக்கு மட்டும்தான் சரி, இத அவர்ட்ட காட்டாதீங்க தங்கச்சி.

வண்ணதாசனோட முதல் தொகுப்பு ‘கலைக்க முடியாத ஒப்பனைகள்’ 1976ல வந்துது, ‘ஒரு சிறு இசை’க்கு சாகித்ய அகாதமி கிடைச்சது 2016ல. நடுவுல நாப்பது வருஷம். அந்தக் காலத்துல அவரு கதைய பத்திரிகையில வாசிச்சவன் ஒரு கட்டுரைக்கும் ஒரு கவிதைக்கும் நடுவுல ஒத்தக் கதையா வாசிச்சிருப்பான், அடுத்தது எப்ப வரும்னு அவனுக்குத் தெரியாது, அதனால அதையே நாலு நாள் நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சிருப்பான். நீங்க நாப்பது வருஷத்த ஒரு லீவுல முடிச்சுட்டு எல்லாம் ஒண்ணுபோல இருக்குங்கீங்க. அவரு கதையில சம்பவம்னு பெருசா ஒண்ணும் நடக்காது, ஒருத்தர் வாசல்ல வந்து நிக்கிற விதத்துலயே விஷயம் முடிஞ்சிரும், அது மனசுல படியறதுக்குள்ள பக்கத்தப் புரட்டினா அடுத்த கதை வந்து முந்தினத அழிச்சுட்டுப் போயிரும். குத்தம் அவர்ட்டயும் இல்ல உங்கள்ட்டயும் இல்ல, தொகுப்புன்னு ஒண்ணு போட்டாலே வர்ற வினை இது. ஒரு மாசம் ஆறப்போடுங்க, பெறவு எதையாவது நடுவுல பிரிச்சு ஒண்ணே ஒண்ணு படிச்சுட்டு மூடி வைங்க.

நாவலுக்கு இந்த ரேஷன் கூடவே கூடாது. வண்ணநிலவனோட ‘ரெயினீஸ் ஐயர் தெரு’ உங்க ஊரு கதைதான், சின்னப் புஸ்தகம், ஒரே தெரு, அதுல இருக்கற வீடுகளும் ஆட்களும், அவ்வளவுதான், நாலு நாள் விட்டுட்டு வந்தா யாரு எந்த வீடுன்னு மறந்துபோயி மறுபடியும் முதல்லேருந்து தொடங்கணும். ஒரு சாயங்காலம் அடுப்ப மாப்ளகிட்ட விட்டுட்டு உக்காந்து முடிச்சிருங்க. கி.ராஜநாராயணன், அதான் நம்ம கி.ரா.வோட ‘கோபல்ல கிராமம்’, ‘கோபல்லபுரத்து மக்கள்’ ரெண்டையும் இப்படித்தான், ஒண்ணு முடிஞ்ச கையோட அடுத்தது. அதே கி.ரா.வோட ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ன்னா வேற, அது ஜூனியர் விகடன்ல ஓவியர் ஆதிமூலம் படத்தோட தொடரா வந்தது, அத இதழ் இதழா கிழிச்சு பைண்ட் பண்ணி வச்சிருக்கற வீடு கோவில்பட்டிப் பக்கம் இன்னும் இருக்கும். பின்பக்கம் பூரா பாதி ஜோக்கும் பாதி பல்பொடி விளம்பரமுமா கிடக்கும், நடுவுல ஒரு இதழ யாரோ வாங்கிட்டுப் போயி திருப்பித் தந்திருக்க மாட்டாங்க. அதெல்லாம் இஷ்டத்துக்கு எங்க வேணும்னாலும் பிரிச்சுப் படிக்கலாம்.

கேள்வி: புதுமைப்பித்தன் முழுத்தொகுப்பு வாங்கி முதல்லேருந்து வரிசையா படிச்சுட்டு வந்தேன் அண்ணாச்சி, கடைசியில கொஞ்சம் கதைகள மட்டும் படிக்காம நிப்பாட்டி வச்சிருக்கேன், முடிச்சுட்டா அப்புறம் ஒண்ணும் இருக்காதேன்னு. பிரெண்ட்ஸெல்லாம் கிண்டல் பண்ணுதாங்க.
– கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: பண்ணட்டும் தம்பி, உங்க பயம் நியாயமானதுதான். மனுஷன் 1948ல காசநோய்ல போகும்போது வயசு 42, எழுதினதெல்லாம் ஒரு பதினஞ்சு வருஷத்துக்குள்ள, கதைகளும் நூறை ஒட்டித்தான். ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா, உங்க கையில இருக்கறது காலவரிசைப்படி போட்ட தொகுப்புன்னா நீங்க பூட்டி வச்சிருக்கறதுதான் அவரோட உச்சம். ‘செல்லம்மாள்’, ‘சாப விமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எல்லாம் 1940க்கு அப்புறம் எழுதினது. ஆரம்பத்துல மணிக்கொடி பத்திரிகைக்கும் மத்ததுக்கும் வேகவேகமா எழுதித் தள்ளினத எல்லாம் பொறுமையா படிச்சுட்டு, நிதானமா எழுதினதுக்கு வரும்போது பிரேக் போட்டிருக்கீங்க!

வண்ணதாசனுக்குச் சொன்ன வைத்தியம் இவருக்கு ஆகாது. ‘பொன்னகரம்’ ரெண்டு மூணு பக்கத்துல பட்டணத்துச் சந்து, ‘துன்பக்கேணி’ பக்கம் பக்கமா இலங்கைத் தேயிலைத் தோட்டம், இன்னொண்ணுல கடவுளே பட்டணத்துக்கு வந்து ஒரு பிள்ளைவாள் வீட்டுல தங்குதாரு. ஒரே ஆளுதான் எழுதினாரான்னு சந்தேகமே வந்துரும், அப்படி இருக்கையில தொடர்ந்து படிச்சா எங்க அலுக்கப் போவுது? அவரு எழுத்து 2002லயே நாட்டுடைமை ஆயாச்சு, போன்லயே சும்மா கிடைக்குது, நீங்க மட்டும் பத்திரப்படுத்தி என்ன செய்ய. இந்த வாரமே முடிச்சுட்டு, ‘செல்லம்மாள்’ எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க.