நின்றால் எங்கே நிற்கும்?

அன்புள்ள ஐயா,

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை, கணிதப் பிரிவு. கனடாவில் இருக்கும் சித்தப்பா போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினார். ஒரு கார் ஓடுபாதையில் ஓடி எழும்பிப் பறக்கிறது. இறங்கியதும் சிறகை மடித்துக்கொண்டு தெருவில் போகிறது. அப்பா கராஜ் வைத்திருக்கிறார். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பம்மாத்து. நான் சின்னனாய் இருக்கேக்கையும் இப்பிடித்தான் சொன்னவங்கள்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பறக்கும் கார் எப்போது சாதாரண விஷயமாகும்? யாழ்ப்பாணத்தில் எங்கள் காலத்தில் அதைப் பார்ப்போமா?

க., கொக்குவில்

அன்புள்ள க.,

நீங்கள் பார்த்தது பம்மாத்து இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது சுலோவாக்கியாவில் ஸ்டெஃபான் க்ளைன் என்பவர் செய்த 'ஏர்கார்' ஆக இருக்கவேண்டும். 2021 ஜூன் 28ஆம் திகதி நித்ரா விமான நிலையத்திலிருந்து பிராட்டிஸ்லாவா விமான நிலையத்துக்கு 35 நிமிடத்தில் பறந்தது. இறங்கி, சிறகை மடித்து, நகருக்குள் ஓடியது. உள்ளே இருப்பது பிஎம்டபிள்யூ எஞ்சின், ஓடுவது பெற்றோலில். அடுத்த ஜனவரியில் அந்த நாட்டுப் போக்குவரத்து அதிகாரசபை, இது பறக்கத் தகுதியானது என்று சான்றிதழும் கொடுத்தது.

ஆனால் அப்பா சொன்னதிலும் பிழையில்லை. அவர் சின்னப் பையனாக இருந்தபோது மட்டுமல்ல, அவருடைய பாட்டன் காலத்திலும் 'இந்தா வருகுது' என்றுதான் சொன்னார்கள். 1917இல் கிளென் கேர்ட்டிஸ் என்ற அமெரிக்கர் சிறகு பூட்டிய கார் ஒன்றை நியூயோர்க்கில் கண்காட்சிக்கு வைத்தார். அது தரையிலிருந்து கொஞ்சம் துள்ளியதோடு சரி. 1947 நவம்பரில் கலிபோர்னியாவில் இன்னொன்று உண்மையாகவே பறந்து, எரிபொருள் முடிந்து விழுந்தது. அதில் காருக்கு ஒரு தாங்கி, விமானத்துக்கு ஒரு தாங்கி. ஓட்டியவர் காரின் மானியைப் பார்த்துவிட்டுப் போதும் என்று கிளம்பினார் என்று சொல்வார்கள். நல்லவேளை, உயிர் தப்பினார். 1949இல் மோல்ட் டெய்லர் செய்த ஏரோகார் நன்றாகவே பறந்தது, 1956இல் அமெரிக்க அரசின் சான்றிதழும் பெற்றது. மொத்தம் செய்யப்பட்டவை ஆறு.

ஆகவே பறக்க வைப்பது பழைய கதை. அது நடந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்படியென்றால் தடுப்பது என்ன? இதற்கு நான் ஒரு இரவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1993 மாரி காலம், யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சண்டிலிப்பாயில் இருந்தோம். கரண்ட் இல்லாத வருடங்கள், பெற்றோலும் இல்லாத வருடங்கள். இரவு பத்து மணிபோலப் பெரியம்மாவுக்கு நெஞ்சுநோ. ஒழுங்கை முகப்பில் ஒருவர் ஏ40 வைத்து ஹயர் ஓடிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெயில் ஓடுகிற கார். அப்பாவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்: குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. முதலில் துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சினைச் சூடாக்கி, பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அவர் ஒரு பழைய சேலைன் போத்தலில் கால்வாசி பெற்றோல் வைத்திருந்தார். பொனற்றைத் திறந்து போத்தலைக் கொழுவி, குழாயில் இருக்கும் சின்ன உருளையைப் பெருவிரலால் தளர்த்தினார். துளி, துளியாகக் காபரேட்டருக்குள் விழுந்தது. நான் லாம்பை எட்டப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிட்டப் பிடித்தால் எல்லாமே பற்றிவிடும்.

அந்தக் கார் அன்று மானிப்பாயில் ஒரு தரம், ஆனைக்கோட்டையில் ஒரு தரம், ஓட்டுமடத்தில் ஒரு தரம் நின்றது. ஒவ்வொரு தரமும் நாங்கள் இறங்கினோம், பொனற்றைத் திறந்தோம், நாலு துளி விட்டோம், தள்ளினோம். பெரியம்மா பின்சீற்றில் கண்ணை மூடியபடி "மெதுவா மோனை" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் பிறகு பதினாறு வருடம் இருந்தார்.

கார் என்ற பொருளின் பெரிய குணம் அது ஓடுவது அல்ல. மூன்று தரம் நின்றும் எங்களைக் கொல்லாமல் விட்டதே, அதுதான். நின்றால் தெருவில் நிற்கும். தெரு அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். கராஜ்காரரின் மகனான உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஊரில் ஓடும் வாகனங்களில் எத்தனை இன்று ஏதாவது ஒரு குறையோடு ஓடுகின்றன? அவற்றை மேலே ஏற்ற முடியுமா?

விமானத்தின் எஞ்சின் நின்றால் சிறகு அதைச் சறுக்கிக்கொண்டு இறக்கும். ஹெலியின் எஞ்சின் நின்றால், கீழிருந்து வரும் காற்றே பெரிய விசிறியைச் சுற்றவைக்கும். தேர்ந்த விமானி அந்தச் சுழற்சியை வைத்தே இறக்கிவிடுவார். இப்போது பறக்கும் கார் என்று பேசப்படுபவற்றில் பல, டிரோனைப் பெரிதாக்கியதுபோல, நிறையச் சின்ன விசிறிகளோடு நேரே மேலெழும்புபவை. சிறகில்லாத வகையில் இந்த இரண்டு வழியும் இல்லை. அதனால் ஒன்றிரண்டு மோட்டார் செத்தாலும் மற்றவை தாங்கவேண்டும். தாங்கும் என்று ஆயிரம் விதமாகச் சோதித்து ஒரு அரசுக்கு நிரூபிக்கவேண்டும். வருடங்கள் கரைவது இந்த இடத்தில்தான். பணமும் கரைகிறது. ஜெர்மனியின் வொலொகொப்டர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆட்களை ஏற்றிக் காட்டுவோம் என்று நின்றது. சான்றிதழ் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அந்த வருட முடிவில் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. அதே நாட்டின் லிலியம் அதற்கு இரண்டு மாதம் முந்தி அதே வழியில் போனது. கெட்டிக்காரப் பொறியியலாளர்கள் பல வருடம் உழைத்த நிறுவனங்கள் அவை. எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

தாண்டியது ஒன்று உண்டு. சீனாவின் ஈஹாங் செய்த வண்டிக்கு 2023 ஒக்டோபரில் அந்நாட்டு விமானப் போக்குவரத்துத் துறை சான்றிதழ் கொடுத்தது. 16 விசிறி, இரண்டு பேருக்கு இடம், விமானி கிடையாது. 2024இல் சீனாவில் அறிவித்த விலை 23 லட்சத்து 90 ஆயிரம் யுவான். ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்.

ஏன் 30 மட்டும்? இது உங்கள் பௌதிகவியல். ஒரு கிலோ பெற்றோலில் ஏறத்தாழ 12 கிலோவாற் மணி சக்தி இருக்கிறது. ஒரு கிலோ லிதியம் பற்றரியில் கால் கிலோவாற் மணி. மின்மோட்டார் பெற்றோல் எஞ்சினை விட மூன்று மடங்கு சிக்கனமானது என்று வைத்துக்கொண்டாலும் பத்து மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அதோடு, பெற்றோல் எரிய எரிய வண்டி பாரம் குறையும். பற்றரி தீர்ந்தாலும் அதே பாரம்தான். இன்னொன்று: தெருவில் சும்மா நிற்கும் காருக்குச் சக்தி வேண்டாம். அந்தரத்தில் சும்மா நிற்பதற்கே நிறையச் சக்தி வேண்டும். தன் பாரத்துக்கு ஈடான விசையை ஒவ்வொரு விநாடியும் காற்றைக் கீழே தள்ளித்தான் அது பெறவேண்டும். அந்தக் காற்று உங்கள் ஒழுங்கையில் இறங்கினால் இரண்டு பக்கக் கிடுகு வேலியும் மிஞ்சாது.

அப்புறம் எங்கள் வானம். தை மாதம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். வாடைக்காற்றில் ஏறிய பட்டங்களை இரவிலும் இறக்காமல் கட்டிவிடுவோம், பட்டத்தில் கட்டிய 'விண்' என்ற நாண் விடிய விடியக் கூவும். அந்த நைலோன் நூல் ஒன்று விசிறியில் சுற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எந்த ஊரில் எந்த உயரம் யாருக்கு என்று பிரிக்காமல் இவை பறக்க முடியாது. பட்டத்துக்கும் அதில் பங்கு வேண்டும் என்பது என் கட்சி.

சத்தமும் இருக்கிறது. சின்ன விசிறிகள் ஹெலியை விடக் குறைவாகத்தான் இரையும், உண்மை. ஆனால் என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. வானத்தில் இரைச்சல் கேட்டால் இன்றைக்கும் கையில் இருப்பதை வைத்துவிட்டு விறாந்தைத் தூணோடு வந்து நிற்பார். பொம்பரா ஹெலியா என்று சத்தத்தை வைத்தே பிள்ளைகள் சொன்ன ஊர் இது. நாளைக்கு ஒரு கொம்பனி வந்து தலைக்கு மேலே பாதை போடுகிறோம் என்றால், அம்மாவைப் போன்றவர்களைக் கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, எப்போது? படலையைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, பறந்து வேலைக்குப் போவது உங்கள் காலத்திலும் நடக்கும் என்று நான் நம்பவில்லை. குறித்த இடத்தில் ஏறி, குறித்த இடத்தில் இறங்கும் வான் டாக்சி சில பெரிய நகரங்களில் பத்து வருடத்துக்குள் பழகிப்போகலாம். அதை நீங்கள் பார்ப்பீர்கள். அது காராக இருக்காது, பஸ்ஸைப் போல, படகைப் போல இருக்கும். இயந்திரம் இருந்தால் மட்டும் எதுவும் அன்றாடமாகிவிடாது. அந்தக் கலிபோர்னியாக் கார் விழுந்ததற்கு அடுத்த மாதமே, 1947 டிசம்பரில், ஏர் சிலோன் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. நடுவில் பல பத்தாண்டுகள் அந்தத் தொடர்பு அற்றுப்போய், 2019 ஒக்டோபரில்தான் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு மறுபடியும் விமானம் வந்தது. விமானம் உலகத்தில் இல்லாமலா போனது?

யாழ்ப்பாணத்துக்கு இது வருமென்றால், முதலில் வரவேண்டிய இடம் நெடுந்தீவு. அங்கே ஒரு கர்ப்பிணிக்கு இரவில் சிக்கலானால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகு. பிறகு குறிகட்டுவானில் இறக்கி அம்புலன்சில் ஏற்றி, புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம். கடல் கொந்தளித்தால் அந்த ஒரு மணி நேரமும் நம் கையில் இல்லை. கடலுக்கு மேலே பறக்கையில் கீழே வீடு இல்லை, கிடுகு வேலி இல்லை, கம்பி இல்லை. தெரு இல்லாத இடத்தில்தான் வானத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

அதற்கும் முந்தி ஆளில்லாத சின்னது வரலாம். ருவாண்டாவில் ஸிப்லைன் என்ற நிறுவனம் 2016 முதல் சிறகுள்ள டிரோனில் இரத்தம் அனுப்புகிறது. ஆஸ்பத்திரிக்கு மேலே வந்து, சின்னப் பாரசூட்டில் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். ருவாண்டாவின் மலைத் தெருக்களுக்குப் பதிலாக எங்களுக்குக் கடல், அவ்வளவுதான் வித்தியாசம். பாம்புக்கடி மருந்தோ இரண்டு பை இரத்தமோ நெடுந்தீவுக்குப் போக, உங்கள் சித்தப்பா அனுப்பிய கார் தேவையில்லை. எழும்பத் துடிக்கும் ஒரு பிள்ளை இங்கே இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை இது.

உங்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். நெடுந்தீவு இறங்குதுறையிலிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். ஈஹாங்கின் 30 கிலோமீற்றர் காணாது என்று தெரியும். எதிர்க்காற்றாக வாடை அடித்தால் இன்னும் எவ்வளவு காணாது, அதற்கு எத்தனை கிலோ பற்றரி கூட ஏற்றவேண்டும், அந்தப் பாரத்தைத் தூக்க இன்னும் எவ்வளவு வேண்டும் என்று போடுங்கள். அப்பாவையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். விடையை எனக்கு அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.