டிடி, ஹெச்பிவி ஊசிகள்: பள்ளிப் பிள்ளைகளுக்கான கேள்வி பதில்

உசிலம்பட்டி தலைமையாசிரியை: பதினாறு வயது டிடி ஊசிக்குச் சம்மதச் சீட்டு கொடுத்தோம். பாதி திரும்பி வரவில்லை.

முந்தின நாள் கொடுத்த சீட்டு புத்தகப் பையிலேயே கிடக்கும், டீச்சர். ஒரு வாரம் முன்பே கொடுங்கள். ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான ஊசி, 0.5 மில்லி, மேல்கையில், இலவசம் என்று அதில் எழுதுங்கள். பூப்பறிக்க விடியுமுன் கிளம்பும் பெற்றோரைச் சாயங்காலம்தான் பிடிக்க முடியும். மறுத்தவரையும் அன்று வராதவரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். வராதவர் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியர் கைக்குப் போனால் வழக்கமான தடுப்பூசி நாளான புதன்கிழமை போட்டுவிடலாம்.

மேலூர் அம்மா: ஊசி போட்டதும் பிள்ளைகள் மயங்குகிறார்களே, மருந்துக் கோளாறா?

பெரும்பாலும் பயத்தில் ரத்த அழுத்தம் சட்டென இறங்குவதுதான். வெறும் வயிறு அதைக் கூட்டும். காலை உணவுத் திட்டம் 2022-இல் நம் மதுரையில்தான் தொடங்கியது, ஆனால் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. பத்து வயதில் டிடி போட வரும் பிள்ளை சாப்பிட்டிருக்கும், பதினாறு வயதுப் பிள்ளை பட்டினியாக வரும். சாப்பிடாமல் அனுப்பாதீர்கள். உட்காரவைத்துப் போட்டு, அரை மணி நேரம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். வரிசையில் நிற்பவர் கண்ணில் ஊசி படக் கூடாது. ஒருத்தி விழுந்தால் பார்த்த நாலு பேரும் விழுவார்கள், சாயங்காலத்துக்குள் ஊரே பேசும். 2017 தட்டம்மை ரூபெல்லா முகாமில் பெற்றோர் பின்வாங்கியதும் வாட்ஸ்அப் வதந்தியால்தான். மயங்கினால் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். தடிப்பு வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், மூச்சுத்திணறலும் சேர்ந்தால் செவிலியர் உடனே அட்ரினலின் என்ற உயிர்காக்கும் ஊசியைப் போட வேண்டும்.

திருமங்கலம் அப்பா: கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி ஊசி போட்டால் பிள்ளைப்பேறு பாதிக்குமாமே?

பாதிக்காது. அதில் வைரஸின் மேலோட்டுப் புரதம் மட்டுமே உண்டு. 15 வயதுக்கு முன்பே போட்டால் குறைவான ஊசிகளே போதும். தள்ளிப்போடாதீர்கள்.

சமயநல்லூர் ஆசிரியர்: வகுப்பில் இருப்பவர்களுக்குப் போட்டுவிட வேண்டியதுதானே? சம்மதம் எதற்கு?

திருமங்கலம் அப்பா: என்னைக் கேட்காமல் என் மகளுக்கா?

அப்பா சொல்வதே சரி. முன்பு வந்த ஒவ்வாமையும் வலிப்பும் வீட்டாருக்குத்தான் தெரியும். கேட்காமல் போட்டால் அடுத்த வருடம் அந்தத் தெருவே பிள்ளைகளை அனுப்பாது.

சமயநல்லூர் ஆசிரியர்: படிக்கத் தெரியாத பெற்றோர்?

பெற்றோர் கூட்டத்துக்குச் செவிலியரைக் கூப்பிடுங்கள் சார். சந்தேகங்களை நேரில் கேட்கட்டும்.

வாடிப்பட்டி அக்கா: மாதவிடாய் நாளில் போடலாமா?

போடலாம். சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

பேரையூர் அண்ணன்: போன மாதம் ஆணி குத்தி ஊசி போட்டோம். பள்ளியிலும் போடணுமா?

அந்தச் சீட்டைச் செவிலியரிடம் காட்டுங்கள்.

மேலூர் அம்மா: ஊசி போட்ட இடத்து வீக்கத்துக்கு மஞ்சள் பத்து?

வேண்டாம். ஈரத்துணி போதும், இரண்டு மூன்று நாளில் வடியும். தேய்க்காதீர்கள்.