இம்பாக்ட்: தடித்து ஒடுங்கிய எழுத்தைப் பற்றிச் சில கேள்விகள்

மீம்களில் வரும் தடித்த எழுத்து இம்பாக்ட்தானே அக்கா? இணையத்துக்காகவே செய்ததா? (கல்லூரி மாணவி)

இம்பாக்ட்தான். ஆனால் இணையத்துக்கு வெகு முன்பே வந்துவிட்டதும்மா. 1965-இல் ஜெஃப்ரி லீ என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் வரைந்தார். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரின் ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்பகம் அதை உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. விளம்பரங்களில் இப்படிப்பட்ட எழுத்துக்கு நல்ல மவுசு இருந்த காலம் அது. இரண்டு வருடம் முன்னால், 1963-இல், தாளில் தேய்த்து ஒட்டும் எழுத்துகள் விற்ற லெட்ராசெட் ‘காம்பாக்டா’வைக் கொண்டுவந்திருந்தது. அதுவும் இதே ஜாதிதான்.

1996-இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்கென்று இலவசமாகக் கொடுத்த ஃபாண்ட் தொகுப்பில் இம்பாக்டும் இருந்தது. எந்தக் கணினியைத் திறந்தாலும் கைக்குக் கிடைத்ததால் மீம் போடுகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை எழுத்து, சுற்றிலும் கறுப்புக் கோடு என்று வைத்தால் பின்னால் எந்த நிறப் படம் இருந்தாலும் படிக்க முடியும். நீங்கள் வீடியோ போட்டால் அதன் தம்ப்நெயில் (முகப்புப் படம்) மேலும் அதையே செய்யலாம்.

ஏரியல் போல்டு ஃபாண்டைப் பக்கவாட்டில் அமுக்கினால் இம்பாக்ட் மாதிரி வந்துவிடாதா மேடம்? கோரல்டிரா மென்பொருளில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். (டிடிபி வேலை செய்பவர்)

வராது சார். ஒருமுறை ஆங்கில ‘ஓ’வை 200 பாயிண்டில் இரண்டு ஃபாண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமுக்கிய ஏரியலில் நிற்கிற கோடு மெலிந்துபோகும், மேலும் கீழும் உள்ள வளைவு மட்டும் பழைய தடிமனிலேயே இருக்கும். பக்கத்தில் சதை வற்றி, தலையும் காலும் வீங்கிய மாதிரி தெரியும்.

இம்பாக்டின் ‘ஓ’ அப்படி இல்லை. நிற்கிற கோடுதான் அதில் மிகவும் தடிமன். உள்ளே உள்ள வெள்ளை, உண்டியலில் காசு போடும் துளையை நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு கீற்றுதான். பக்கங்கள் ஏறக்குறைய நேராக நிற்பதால் அடுத்த எழுத்து நெருங்கி வந்து உட்காரும். ‘சி’, ‘எஸ்’ இரண்டின் வாயும் மூடப்போகிற அளவுக்குக் குறுகியிருக்கும். சின்ன எழுத்துகள் கேப்பிட்டலின் உயரத்தில் முக்கால்வாசிக்கு வந்துவிடும், மேலும் கீழும் நீளுகிற கால்கள் குட்டை. கொடுத்த இடத்தில் எவ்வளவு மை நிரப்ப முடியுமோ அவ்வளவையும் நிரப்புகிற வடிவம். நிற்கிற கோடு, வளைவு, உள்ளே விடுகிற வெள்ளை எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாகப் பார்த்துத்தான் இதை வரைய முடியும்.

வேர்டில் இம்பாக்ட் போட்டு ‘பி’ பட்டனையும் அழுத்தினேன். பிரிண்டில் எழுத்து அடைத்துக்கொண்டது. ஏன்?

இம்பாக்டுக்கு இருப்பது ஒரே தடிமன். போல்டு என்று தனியாக ஒன்று இல்லாததால் மென்பொருளே விளிம்பை ஊதவைக்கிறது. அந்தக் கீற்று வெள்ளையும் போய்விடுகிறது. பட்டனைத் தொடாதீர்கள்.

சின்ன அளவிலும் இதே தொல்லைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரத்த தான முகாம் நோட்டீசில் தலைப்போடு ஃபோன் நம்பரையும் இம்பாக்டிலேயே, 10 பாயிண்டில் வைத்தேன். மலிவான தாள், மை ஊறியது. 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோல ஆகிவிட்டன. அழைத்தவர்கள் வேறு யார் வீட்டுக்கோ அழைத்தார்கள். முழுக்கத் திரும்ப அடித்தோம். அன்றிலிருந்து தலைப்பில் நாலைந்து சொல்லுக்கு மேல் இம்பாக்டை விடுவதில்லை.

தமிழில் இம்பாக்ட் போல ஒன்று வேண்டும். கல்யாண பேனருக்கு. (ஃப்ளெக்ஸ் கடைக்காரர்)

இம்பாக்டில் தமிழ் எழுத்தே கிடையாது. அதைத் தேர்வு செய்து தமிழில் அடித்தால் கணினி வேறொரு ஃபாண்டை எடுத்துக் காட்டும். இருக்கிற தமிழ் ஃபாண்டை அமுக்கலாம் என்று இறங்கினால் ஆங்கிலத்தைவிட மோசம். மூன்று சுழி ‘ண’வை எடுத்துக்கொள்ளுங்கள். தடிக்கவும் வேண்டும், ஒடுங்கவும் வேண்டும் என்றால் முதலில் காணாமல் போவது சுழிகளுக்கு நடுவே உள்ள வெள்ளைதான். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ‘மணமகள்’ ‘மனமகள்’ ஆகிவிடும். கல்யாண பேனரில் அது நடக்கலாமா?

எக் டைப் என்ற எழுத்து வடிவமைப்புக் குழு வரைந்த ‘அனேக் தமிழ்’ ஃபாண்டைப் போட்டுப் பாருங்கள். கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசம். தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாக மாற்றலாம். ‘கண்டென்ஸ்டு எக்ஸ்ட்ராபோல்டு’ எடுத்தால் ஒடுங்கியும் இருக்கும், சுழியும் தெரியும். அதிலேயே ஆங்கில எழுத்தும் உண்டு என்பதால் இரு மொழிப் பேனர் ஒரே கையால் எழுதியதுபோல அமையும். அப்புறம், வரிகளை ஆங்கில கேப்பிட்டல் போல ஒட்டி அடுக்காதீர்கள். ‘கீ’யின் மேல்சுழிக்கு மேலேயும் ‘கூ’வின் வாலுக்குக் கீழேயும் இடம் வேண்டும். நான் முதலில் நெருக்கமாக அடுக்கிவிட்டு, எங்கேயாவது இடிக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தளர்த்துவேன்.

என் ஆண்ட்ராய்டு ஃபோனில் இம்பாக்ட் இல்லையே, என்ன செய்வது?

இதே மாதிரி தடித்து ஒடுங்கிய, வெர்னன் ஆடம்ஸ் வடிவமைத்த ‘ஆன்டன்’ ஃபாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கிறது. திறந்த உரிமம் என்பதால் கடை வேலைக்கும் தயங்காமல் போடலாம்.