பூநாரை சைபீரியாவில் இருந்தா வருகிறது? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி: தடாவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஜனவரியில் பிள்ளைகளை நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் அழைத்துப் போகிறோம். போன வருடம் "சைபீரியாவில் இருந்து முட்டையிட வருகின்றன" என்று சொன்னேன், போட்டோ எடுத்தோம், திரும்பிவிட்டோம். பிள்ளைகள் மனதில் எதுவும் நிற்கவில்லை. பறவைகளைக் காப்பாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், முதலில் அந்த சைபீரியா வாக்கியத்தைத் திருத்திவிடுவோம். ஊரில் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் நீங்கள் காட்டப்போகும் பெரிய பறவைகளுக்கு அது பொருந்தாது. நேலப்பட்டில் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடா நம் நாட்டுப் பறவை. தண்ணீரும் மீனும் இருக்கும் இடம் பார்த்துப் போய்வரும். பூநாரை இந்தியாவில் பெரும் கூட்டமாகக் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் ரண். பழவேற்காட்டுக்கு அது வருவது இரை தேடி.

நிஜமாகவே வடதுருவத்தை ஒட்டிய சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு வருவது, யாரும் திரும்பிப் பார்க்காத கொசு உள்ளான். சேற்றோரம் குடுகுடுவென்று ஓடும் பழுப்புக் குருவி. எடை ஏறக்குறைய 25 கிராம், அதாவது கோழி முட்டையில் பாதி. கிளம்பும் முன் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு முட்டையைக் கொடுங்கள். "இதில் பாதி கனம்தான், இமயமலைக்கு அப்பால் எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறது" என்று சொல்லி வரைபடத்தைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு அந்தக் குருவியைத் தேடாமல் ஒரு பிள்ளையும் இருக்காது.

ஒரே நாளில் இருபது பறவைப் பெயர் சொல்லித் தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு போதும். இரண்டாவதாகப் பூநாரையை வைத்துக்கொள்ளுங்கள். சூளூர்பேட்டையில் இருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகிறது. தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தால் சாலையில் இருந்தே கூட்டம் தெரியும். லாரி, பஸ் ஓடும் ரோடு என்பதால் பிள்ளைகளை ஒரே ஓரமாக நிறுத்துங்கள். கால் மணி நேரம் ஒரே ஒரு பறவையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, வளைந்த அலகால் வாரும். நாக்கு பம்பு மாதிரி தண்ணீரை இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களில் பாசியும் சின்ன உயிரிகளும் தங்கும். அந்த இரையில் இருக்கும் நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். "எத்தனை இளசு?" என்று எண்ணச் சொன்னால் சத்தம் தானாக அடங்கும்.

பறவைகள் மேய்வதை விட்டுத் தலை தூக்கினால் அதற்கு மேல் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிட்டு வீடியோ எடுப்பதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். வலசைக்குச் சேர்த்துவைக்கும் கொழுப்பு அதில் வீணாகிறது.

காப்பாற்றுவதைப் பற்றிப் பேச ஒரு விளையாட்டு உண்டு. மைதானத்தின் ஒரு கோடியில் பத்துச் சாக்கை விரியுங்கள், அவைதான் ஏரி, குளம். பிள்ளைகள் மறுகோடியில் இருந்து பறந்து வந்து சாக்குக்கு இரண்டு பேராக நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சாக்கை எடுத்துவிட்டுக் காரணம் சொல்லுங்கள்: மழை பொய்த்தது, குளத்தில் குப்பை கொட்டி மேடாக்கினார்கள், வீட்டு மனை போட்டார்கள். நிற்க இடமில்லாதவர் வெளியே. தண்ணீரும் சேறும் போனால் பறவை போகும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் கவனம். உள்ளான் கறி சாப்பிட்ட வீட்டுப் பிள்ளையும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். பறவை வேட்டை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைச் சொல்லுங்கள், ஆனால் எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். நாகாலாந்தில் 2012-ல் வலசை வரும் அமூர் வல்லூறுகள் ஆயிரக்கணக்கில் வலையில் பிடிபட்டன. அடுத்த ஆண்டே அந்த ஊர்க்காரர்கள் வேட்டையை நிறுத்தி, காவலுக்கு நின்றார்கள். பிடித்தவர்களே காத்தவர்களான அந்தக் கதையைச் சொல்லுங்கள், பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துப் போகும்.

சுற்றுலா முடிந்த பிறகும் தொடர ஒரு நோட்டுப் போடுங்கள். பள்ளிக்குப் பக்கத்துக் குளத்தில் வாரம் ஒரு நாள் எண்ணிக்கை. பிப்ரவரியில் உலகம் முழுக்க நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும், கட்டணம் இல்லை. அப்புறம், ஆராய்ச்சியாளர்கள் காலில் வளையம் மாட்டிய பறவை கண்ணில் பட்டால் பிடிக்கப் போகாமல் வளையத்தின் நிறம், எழுத்து, தேதி, இடம் எல்லாவற்றையும் அதே நோட்டில் குறித்து, முடிந்தால் போட்டோவோடு, மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள்.