‘இன்பர்மேட்டிக்ஸ்’ படிக்க எங்கே சேர்ப்பது?

கேள்வி: சென்னிமலையில் ஜக்கார்டு தறி வைத்துப் போர்வை நெய்கிறோம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம் 88, இயற்பியல் 76, வேதியியல் 80, கணினி அறிவியல் 97. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ‘இன்பர்மேட்டிக்ஸ்’ படிக்க வையுங்கள் என்கிறார். இந்தப் பக்கம் எந்தக் கல்லூரியிலும் அந்தப் பெயரைக் காணோம். தரகர் ஒருவர் வீட்டுக்கே வந்து, ‘ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ்’ சீட்டை நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கித் தருவதாகவும், இந்த வாரமே முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாக, அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால், கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் அது உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த அன்றே அந்த உரிமை போய்விடும். தரகர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்து மதிப்பெண். கணினி அறிவியலில் 97 என்பது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் பொறியியல் கட்-ஆஃப் கணக்கில் அது வராது. கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு என்று 200-க்குத்தான் கணக்கு. உங்கள் மகளுக்கு 88, 38, 40 சேர்ந்து 166 வருகிறது. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜி.சி.டி.) பொதுப் போட்டியில் கணினி அறிவியல் பிடிக்க இது போதாது. உள்ஒதுக்கீட்டுப் பட்டியலில் போட்டி வேறு மாதிரி. அங்கே கட்-ஆஃப் வெகுவாக இறங்கும். எனவே விருப்பப் பட்டியலில் ஜி.சி.டி.யையும், ஐ.ஆர்.டி.டி. என்று நாம் பழக்கத்தில் சொல்லும் சித்தோடு அரசு பொறியியல் கல்லூரியையும், சேலம் அரசு பொறியியல் கல்லூரியையும் தயங்காமல் மேலே வையுங்கள். கிடைக்காத கல்லூரியை மேலே வைப்பதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது.

இனி உறவினர் சொன்ன பெயர். ஜெர்மனியில் 1957-இல் ‘இன்ஃபர்மாடிக்’ என்று கணினி அறிஞர் கார்ல் ஸ்டைன்புக் எழுதினார். 1962-இல் பிரான்சில் பிலிப் டிரேஃபுஸ் அதே சாயலில் ஒரு சொல்லை உருவாக்கினார். ஐரோப்பாவில் பல நாடுகளில் கணினி அறிவியல் துறைக்கே அதுதான் பெயர். தமிழில் தகவலியல் எனலாம். நம் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் என்.ஐ.சி.யின் (நேஷனல் இன்பர்மேட்டிக்ஸ் சென்டர்) நடு எழுத்தும் இதே சொல்தான். ஆகவே பெயரைத் தேடி அலைய வேண்டாம். நம் ஊரில் கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், பி.சி.ஏ. என்று பல பலகைகளுக்குப் பின்னால் அந்தப் பாடம்தான் இருக்கிறது.

அது என்ன பாடம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகளாகத் தொங்குகிறது. அட்டையில் துளை இருந்தால் அந்தப் பாவு இழை (நெடுக்கு நூல்) எழும், இல்லாவிட்டால் கிடக்கும். ஒரு பூவை இப்படி ‘உண்டு, இல்லை’ என்று உடைத்து எழுதிவைப்பதுதான் தகவலியலின் முதல் பாடம். இங்கிலாந்தில் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு ஜக்கார்டு அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரம் இயற்கணிதக் கோலங்களை நெய்கிறது என்று 1843-இல் எழுதினார் அவருடன் பணியாற்றிய ஏடா லவ்லேஸ்.

இன்றிரவு அம்மிணியிடம் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 61 ஊடையில் (குறுக்கு இழையில்) முடியும் ஒரு பூ. கீழ்ப்பாதியும் மேல்பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றே. ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளைத் திருப்பியும் ஓடவிடலாம் என்றால், குறைந்தது எத்தனை அட்டை அடிக்க வேண்டும்? விடை 31. நடு ஊடைக்கு ஜோடி கிடையாது. திரும்பும்போது அந்த அட்டை இரண்டாம் முறை விழுந்துவிடவும் கூடாது. 30 என்று சொன்னாலும் கவலைப்படாதீர்கள். என் வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். ஏன் தவறியது என்று கிராஃப் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டாளா என்பதைப் பாருங்கள். உட்கார்ந்தால் இந்தப் படிப்பு அவளுக்குப் பிடிக்கும். எனக்குக் கட்-ஆஃபைவிட இதில்தான் நம்பிக்கை அதிகம்.

பிரிவைப் பொறுத்தவரை, பாடத்திட்டத்தின் இரண்டாம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், தனிநிலைக் கணிதம் (டிஸ்க்ரீட் மேத்ஸ்), நிகழ்தகவு ஆகியவை இருந்தால் பெயர் எதுவானாலும் சரி. ஏ.ஐ. பிரிவு தவறானதல்ல; அதைப் பாடம் எடுக்க ஆளில்லாத கல்லூரியில் படிப்பதுதான் வீண். அங்கே ஏ.ஐ. படிப்பதைவிட, நல்ல கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படிப்பது மேல்.

கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ் என்ற 5 ஆண்டு எம்.எஸ்சி. உண்டு. ஆழமான படிப்பு. ஆனால் அதற்குக் கல்லூரியில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், 7.5 சதவீதச் சலுகையை அங்கே எதிர்பார்க்க முடியாது. பொறியியல் அமையாவிட்டால் கோவை அரசு கலைக் கல்லூரி போன்ற இடத்தில் பி.எஸ்சி. கணினி அறிவியல் சேர்த்து, பிறகு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி 2 ஆண்டு எம்.சி.ஏ. போகலாம். செலவு குறைந்த வழி. கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. எதில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும், விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் இல்லாதது பெரிய குறையல்ல. பிளஸ் டூவில் பைத்தானும் எஸ்.க்யூ.எல்.லும் படித்துத்தான் வந்திருக்கிறாள். முதல் பருவத்துக்குக் கல்லூரி ஆய்வகம் போதும். பிறகு 8 ஜி.பி. ரேம் உள்ள சாதாரண லேப்டாப் ஒன்று வாங்கினால் இரண்டு ஆண்டு தாராளமாக ஓடும். தரகருக்கு எடுத்துவைத்த பணத்தில் அதை வாங்கிக்கொடுங்கள்.