எண்டோஸ்கோபி பயிற்சியைத் தொலைவிலிருந்து எப்படித் தருகிறார்கள்?

எண்டோஸ்கோபி என்பது முனையில் கேமரா உள்ள வளையும் குழாயை உடலுக்குள் விட்டுப் பார்ப்பது. பயிற்சி பெறும் மருத்துவர் அதைச் செய்வதை, அனுபவசாலி ஒருவர் வேறு ஊரிலிருந்து நேரலையில் பார்த்துப் பேசி வழிகாட்டுவதுதான் தொலைவழிப் பயிற்சி. வேனை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்பவர் "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி" என்பாரே, அது மாதிரி.

இதற்கு இரண்டு காட்சிகள் வேண்டும். ஒன்று குடலுக்குள் தெரியும் படம். மற்றது மருத்துவரின் கைகளையும் குழாயையும் காட்டும் கேமரா. பலர் விட்டுவிடுவது இதைத்தான். பெருங்குடல் பரிசோதனையில் குழாய் உள்ளே வளைந்து 'லூப்' விழுவது சகஜம். கை தள்ளும், முனை நகராது. சில சமயம் பின்வாங்கும். குழாய் நேராக இருந்தால் சுமார் 70–80 செ.மீ.யில் பெருங்குடலின் தொடக்கத்தை, அதாவது சிறுகுடல் வந்து சேரும் கோடியை, எட்டிவிடலாம். ஆசனவாயருகே குழாயில் தெரியும் அளவுக்குறி 90 செ.மீ.யைத் தொட்டும் பாதி வழிதான் என்றால் லூப்பேதான். மெல்லத் திருகியபடி பின்னுக்கு இழுத்து நேராக்கணும். மேலும் தள்ளினால் வலிக்கும், குடலில் ஓட்டை விழவும் கூடும். உள்படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது லேசில் பிடிபடாது.

படம் ஒரு நொடி பிந்தினால் "நிறுத்துங்க" என்பதும் பிந்தும். அதனால் வைஃபையைவிட கேபிள் இணைப்பு நல்லது. குழாய் இறுகுவது கைக்கு மட்டுமே தெரியும், அதை வாய்விட்டுச் சொல்லணும். திரையில் நோயாளியின் பெயரை மறைத்துவிடுங்கள்.

பலர் நினைப்பதுபோல் வழிகாட்டி தூரத்திலிருந்து கருவியை இயக்குவதில்லை. குழாய் பயிற்சி பெறுபவர் கையில்தான், அவசரத்துக்குக் கைகொடுக்கத் தகுதியான மருத்துவர் ஒருவர் அருகிலேயே இருக்கணும்.