மெடிக்கல் எய்ட் கைவிரித்த ஆபரேஷன்: கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் மனைவிக்கு வயது 47. பித்தப்பையில் கல். சில மாதங்களாக அடிக்கடி வலி வந்து துடிக்கிறாள். ஸ்கேன் பார்த்த சர்ஜன் பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்கிறார். நான்கு வருடமாக மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டும் மருத்துவச் செலவுத் திட்டம்) கட்டி வருகிறேன், சின்ன பிளான்தான். அனுமதி கேட்டால், "உங்கள் பிளானில் இந்த ஆபரேஷன் கிடையாது, பிஎம்பி நிபந்தனையும் பூர்த்தியாகவில்லை" என்று கடிதம் வந்திருக்கிறது. பிரைவேட் ஆஸ்பத்திரியில் கைக்காசு போட்டுச் செய்தால் 80,000 ராண்ட் ஆகுமாம். பேங்க் பர்சனல் லோன் தரத் தயாராக இருக்கிறது. வாங்கிவிடலாமா?

பதில்: இன்னும் வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. "பிஎம்பி நிபந்தனை பூர்த்தியாகவில்லை" என்ற அந்த வரிதான் அது.

பிஎம்பி என்பது 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கட்டாயப் பலன்கள். ஏறக்குறைய 270 நோய்நிலைகள் அந்தப் பட்டியலில் உண்டு. எவ்வளவு மலிவான பிளானாக இருந்தாலும், பிளானின் விதிப்புத்தகத்தில் "இது கிடையாது" என்று அச்சடித்திருந்தாலும், பட்டியலில் உள்ள நோய்க்கு ஸ்கீம், அதாவது உங்கள் மெடிக்கல் எய்ட் நிறுவனம், முழுச் செலவையும் ஏற்க வேண்டும். கோ-பேமென்ட் (உங்கள் பங்குத் தொகை) கேட்கக்கூடாது, பிளானோடு சேர்ந்த உங்கள் மருத்துவ சேவிங்ஸ் கணக்கிலிருந்தும் எடுக்கக்கூடாது. ஸ்கீம் ஏற்பாடு செய்திருக்கும் ஆஸ்பத்திரியை விட்டு நீங்களாக வேறு இடம் போனால் மட்டும் கூடுதல் செலவு உங்கள் தலையில் விழலாம்.

பித்தப்பைக் கல் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் பாதிதான் இருக்கிறது. "பித்தப்பை அழற்சியுடன் அல்லது மஞ்சள் காமாலையுடன் கூடிய கல்" என்பதுதான் பட்டியலின் வாசகம். அழற்சி இல்லாத வெறும் கல் சேராது. இந்த வித்தியாசத்தை ஸ்கீமின் கணினி எப்படிப் பார்க்கிறது தெரியுமா? டாக்டர் எழுதும் நோய்க் குறியீட்டை வைத்துத்தான். கே 80.2 என்றால் கல் இருக்கிறது, அழற்சி இல்லை. கே 80.0 என்றால் தீவிர அழற்சியுடன் கல். கே 80.1 என்றால் மற்ற வகை அழற்சியுடன் கல், நாள்பட்டதும் இதில்தான் வரும். உங்கள் மறுப்புக் கடிதத்திலோ அனுமதி கேட்ட படிவத்திலோ எந்தக் குறியீடு இருக்கிறது என்று இன்றே பாருங்கள். 80.2 என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்காக "குறியீட்டை மாற்றிப் போடுங்கள் டாக்டர்" என்று கேட்டு நிற்காதீர்கள். அது மோசடி. பிடிபட்டால் டாக்டருக்கும் உங்களுக்கும் வம்பு. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அடிக்கடி வலி வந்த பித்தப்பையில் நாள்பட்ட அழற்சி இருப்பது சகஜம். ஸ்கேன் அறிக்கையில் பித்தப்பைச் சுவரின் தடிப்பு 3 மில்லிமீட்டருக்கு மேல் என்று இருக்கிறதா? சுற்றிலும் நீர் கோத்திருப்பதாக எழுதியிருக்கிறதா? ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் அளவு) ஏறியிருக்கிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால், "இதைக் கணக்கில் எடுத்துத்தான் குறியீடு போட்டீர்களா?" என்று சர்ஜனிடம் கேளுங்கள். அவசரத்தில் "கல்" என்று மட்டும் பார்த்து 80.2 விழுந்துவிடுவது உண்டு. இந்த வேலைக்கு சர்ஜனைவிட அவருடைய ரூம்ஸில் (கன்சல்டிங் அறையில்) பில்லிங் பார்ப்பவர்தான் உங்களுக்குப் பெரிய உதவி. எந்தக் குறியீட்டுக்கு ஸ்கீம் என்ன பதில் சொல்லும் என்பது அவருக்கு அத்துபடி.

அறிக்கையில் ஆதாரம் இருந்தால், சர்ஜனின் விளக்கக் கடிதம், ஸ்கேன், ரத்த அறிக்கை மூன்றையும் சேர்த்து ஸ்கீமுக்கு எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். எந்த விதிப்படி மறுத்தார்கள், எந்த மருத்துவ நெறிமுறையை வைத்து முடிவெடுத்தார்கள் என்று அதில் கேளுங்கள். கேட்டால் நெறிமுறையைக் காட்டியாக வேண்டும். கால் சென்டரில் பேசிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. பேசினாலும் ரெஃபரன்ஸ் எண்ணையும் பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பதில் சரியில்லையென்றால் ஸ்கீமின் தலைமை அதிகாரியான பிரின்சிபல் ஆஃபீசருக்கு எழுதுங்கள்.

அங்கேயும் நடக்கவில்லை என்றால் சென்சூரியனில் உள்ள கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ், அதாவது ஸ்கீம்களைக் கண்காணிக்கும் அமைப்பு. புகார் கொடுக்கக் காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம். பதில் சொல்ல ஸ்கீமுக்கு 30 நாள் அவகாசம். அவசரமான வழக்கென்றால் டாக்டர் கடிதத்தோடு அதையும் குறிப்பிடுங்கள், முன்னால் எடுப்பார்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் மூன்று மாதத்துக்குள் கவுன்சிலிடமே அப்பீல் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: உங்களிடம் இருப்பது நிஜமான மெடிக்கல் எய்ட்தானா, அல்லது ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று தரும் ஹாஸ்பிட்டல் கேஷ் பிளானா என்று அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது வகை வெறும் இன்சூரன்ஸ். அதற்கு பிஎம்பி பொருந்தாது, புகாரும் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட்டிடம் போகும். காப் கவர் என்ற துணை இன்சூரன்ஸ் வைத்திருந்தாலும், ஸ்கீம் அடியோடு மறுத்த ஆபரேஷனுக்கு அது உதவாது. ஸ்கீம் ஒப்புக்கொண்ட சிகிச்சையில் டாக்டர் கேட்கும் கூடுதல் கட்டணத்தை நிரப்பத்தான் அது.

இதற்கிடையில் காய்ச்சல், குளிர்நடுக்கம், கண் மஞ்சளாவது, மணிக்கணக்காக விடாத வலி, இதில் எது வந்தாலும் அனுமதிக்காகக் காத்திருக்காதீர்கள். பக்கத்திலுள்ள கேசுவல்டிக்குப் போங்கள். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவே சொல்கிறது. அப்போது நோய்நிலையும் பிஎம்பிக்குள் வந்துவிடும். அவசரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஸ்கீம் கட்ட வேண்டும்.

சரி, அழற்சியே இல்லை, 80.2 சரியான குறியீடுதான் என்றால்? அரசு ஆஸ்பத்திரியை நம் ஆட்கள் எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆர். கே. கான் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பித்தப்பை எடுப்பது அங்குள்ள சர்ஜன்களுக்குப் புதிய வேலை இல்லை. கஷ்டம் காத்திருப்பில்தான். நேராகப் போய் நிற்காமல் கிளினிக்கிலிருந்தோ உங்கள் ஜிபியிடமிருந்தோ (குடும்ப டாக்டர்) ரெஃபரல் கடிதத்தோடு போங்கள். கட்டணம் வருமானத்தைப் பொறுத்து வகைப்படுத்துவார்கள். மெடிக்கல் எய்ட் இருப்பதால் முழுக் கட்டண வகையில் போட்டுவிடப் பார்ப்பார்கள், அதனால் மறுப்புக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் கையோடு எடுத்துப் போய், ஃபைல் திறக்கும் கவுண்டரிலேயே காட்டுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் காத்திருப்புத் தேதிக்கு வேறொரு மதிப்பும் உண்டு. சில சின்ன பிளான்கள் பிஎம்பிக்கு அரசு ஆஸ்பத்திரியையே தங்கள் நியமித்த இடமாக வைத்திருக்கும். நாளை உங்கள் மனைவியின் நிலை பிஎம்பிக்குள் வந்து, அங்கே நியாயமான காலத்துக்குள் இடமில்லை என்றால், பிரைவேட்டில் செய்ய ஸ்கீம் முழுப்பணம் கட்ட வேண்டும் என்று மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் 8ஆம் ஒழுங்குவிதி சொல்கிறது. "இத்தனை மாதம் கழித்துத்தான் தேதி" என்று முத்திரையோடு ஒரு தாள் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம்தான் கைக்காசு. 80,000 என்று யார் சொன்னது? ஆஸ்பத்திரியா, சர்ஜனா? பில் ஒன்று வராது, பல வரும்: ஆஸ்பத்திரி தனி, சர்ஜன் தனி, மயக்க மருந்து கொடுப்பவர் தனி, லேப் தனி. மயக்க மருந்து டாக்டர் நேரத்தைக் கணக்கிட்டு வாங்குவார், அவர் பில்தான் கடைசியில் வந்து ஆளைத் தூக்கி அடிக்கும். சிகிச்சையின் செலவையும் முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் நேஷனல் ஹெல்த் சட்டம் சொல்கிறது, ஆகவே எழுத்தில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். எல்லாம் சேர்த்து ஒரே தொகைக்குச் செய்வீர்களா, ரொக்கத்துக்குக் குறைப்பீர்களா என்றும் கேளுங்கள். டே கிளினிக்கில் செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே) செய்தால் பலர் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பணத்துக்கு பர்சனல் லோனைக் கடைசியில் வையுங்கள். அடமானம் வேண்டாத கடனுக்கு ரெப்போ விகிதத்துக்கு (ரிசர்வ் பேங்க் வைக்கும் அடிப்படை வட்டி) மேல் 21 சதவீதம் வரை வட்டி வாங்கச் சட்டமே இடம் தருகிறது. வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கும் அக்சஸ் பாண்ட் வசதி இருந்து, முன்கூட்டிக் கட்டிய பணம் கிடந்தால், அதை எடுப்பது எவ்வளவோ மலிவு. 2024 செப்டம்பர் முதல் பென்ஷன் சேமிப்பைப் பிரித்து வைக்கும் டூ-பாட் முறையில் பென்ஷன் நிதியின் சேவிங்ஸ் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ராண்ட், எடுக்கலாம். ஆனால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும், வரித்துறையான சார்ஸுக்குப் பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். குடும்பத்துக்குள் மச்சான், சித்தப்பா என்று திரட்ட முடிந்தால் நல்லது, யார் எவ்வளவு தந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேங்க் கார்டையும் ஐடியையும் வாங்கி வைத்துக்கொண்டு காசு தரும் மஷோனிசா (கந்துவட்டிக்காரர்) பக்கமே போகாதீர்கள். அப்படி வாங்கி வைப்பதே குற்றம்.

கைக்காசு போட்டால் ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். 65 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு, வரிக்குரிய வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டும் மருத்துவச் செலவில் 25 சதவீதம் வரிக்கழிவாகத் திரும்ப வரும். மாதச் சந்தாவின் கணக்கை விட்டுவிட்டுப் பார்த்தால்: வருமானம் 3,00,000, செலவு 80,000 என்று வையுங்கள். 7.5 சதவீதம் 22,500. மீதி 57,500இல் கால்பங்கு 14,375 ராண்ட். எல்லா பில்லையும் ஒரே வரி ஆண்டுக்குள், அதாவது மார்ச் முதல் பிப்ரவரி வரைக்குள் கட்டப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளில் பிரிந்தால் அந்த 7.5 சதவீதம் இரண்டு முறை கழியும்.

கோபத்தில் மெடிக்கல் எய்டை ரத்து செய்துவிடாதீர்கள். 90 நாளுக்கு மேல் இடைவெளி விட்டுத் திரும்ப வந்தால், மூன்று மாதப் பொதுக் காத்திருப்பு, ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு, அந்தக் காலத்தில் பிஎம்பியும் கிடையாது என்று எல்லாம் சேர்ந்து வரும். அதைவிட, சர்ஜன் "ஜனவரி வரை பொறுக்கலாம்" என்று சொன்னால், ஜனவரியில் இதே ஸ்கீமுக்குள் இந்த ஆபரேஷனைத் தரும் பெரிய பிளானுக்கு மாறலாம். ஒரே ஸ்கீமுக்குள் பிளான் மாறுபவருக்குப் புதிய காத்திருப்புக் காலம் போடக்கூடாது என்பது சட்டம். மாதத்துக்கு 2,000 ராண்ட் கூடுதல் என்றாலும் வருடத்துக்கு 24,000தான். அடுத்த ஜனவரியில் மறுபடி சின்ன பிளானுக்கு இறங்கிக்கொள்ளலாம். பிளான் மாற்றப் படிவத்தைப் பல ஸ்கீம்கள் வருடம் முடிவதற்கு முன்பே முடித்துவிடும், கடைசித் தேதியை இப்போதே கேட்டு வையுங்கள்.